அடி அட்டை

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "நார்மலா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் போதும், "ச்சூ" என்று ஒரு சத்தம் வரும். பரீட்சையில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டவளைப் பார்க்கிற பார்வை ஒன்றும் கூடவே வரும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எதிர்ப் பட்டறை ஜிப்பு நாலு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜிப்பு என்பது வேலையால் வந்த பெயர். என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே பை தைக்கிற பட்டறை. முன்னறையில் மூன்று மெஷின், பின்னால் குடித்தனம். துணியும் ரெக்சினும் வெட்டுகிறவன் கத்திரி. பைக்கு ஜிப்பு வைத்துத் தைக்கிறவள் அவன் பெண்டாட்டி. ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு டஜன் பைக்கு வைத்துவிடுவாள், ஒன்றுகூட இழுக்கும்போது சிக்காது. இரண்டு பேரையும் மேய்க்கிறவள் கத்திரியின் அக்கா. அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது நான்தான். என்னை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு அவள் தைக்கிற பையின் அடிப்பாகம்தான் பெருமை. தோளில் மாட்டுகிற பட்டையையும் வெளிப்பையையும் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், அடியை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். பையின் அடி தொங்காமல் இருக்க இரண்டு துணிக்கு நடுவே ஒரு அட்டையைக் கொடுத்து, சுற்றிலும் நைலான் நூலில் இரட்டைத் தையல் போடுவாள்.

"நான் தைச்ச பை அடி விட்டுத் திரும்பி வந்துச்சுன்னு யாராவது சொல்லட்டும். மெஷினை வித்துட்டு உன் கடையில வந்து காப்பி எடுத்துக் குடுக்கறேன்" என்பாள்.

"வேண்டாம்மா, என் மெஷின் பாவம்" என்பேன் நான்.

சின்னப் பைகளுக்கு அந்த அட்டை என் கடையிலிருந்துதான் போகும். லேமினேஷன் போடும்போது சுருங்கினது, கோணலாக ஒட்டினது, பெயர் தப்பாக அச்சானது எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை பெட்டி தெருவைத் தாண்டும். தண்ணீர் பட்டாலும் ஊறாத அட்டை அவளுக்கு எங்கே கிடைக்கும்? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்ப்பதே இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு. தடிமன் பிடித்திருந்தால் மெஷின் பக்கம், இல்லாவிட்டால் மறுபடி பெட்டிக்குள்.

ஜிப்புவின் முதல் பிரசவம் அவள் அம்மா ஊரில். எட்டாம் மாதத்திலேயே ரத்தப் போக்கு, குழந்தை வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவளை முழு மயக்கத்தில் போட்டு வெட்டி எடுத்தார்கள். அவள் கண் விழித்தது மறுநாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். இவளுக்குக் காய்ச்சல், எழுந்து போக முடியவில்லை. ஒன்பதாம் நாள்தான் மகளைப் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்தாங்கக்கா. அவரு பாத்தாரு, அண்ணி பாத்தாங்க, ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கூட எட்டிப் பாத்தாராம். நான் பாக்கல. அழுதாளாம், பூனைக்குட்டி மாதிரி. அதையும் கேக்கல" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பூனைக்குட்டிக்கு இப்போது நாலு வயது. தெருவில் அவள் வாயை அடைக்க ஆள் கிடையாது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் ஆபரேஷனைப் பற்றி எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் கத்திரி என் கடைக்கு எடுத்து வந்தான். பொக்கிஷம் மாதிரி இரண்டு கையிலும் பிடித்திருந்தான். நானும் ரொம்பத் தாராளமாக, கடையில் இருந்ததிலேயே தடிமனான பிலிமில் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். வளைத்தால் டப்பென்று நிமிரும்.

"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோப்பா" என்றேன்.

பின்னாலேயே வந்த மேஸ்திரி வாங்கி ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். "இவ்வளவு கெட்டியா போட்டப்புறம் காப்பி எதுக்கு? இது நம்ம எல்லாரையும் தாண்டி நிக்கும்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

ஜிப்பு இரண்டாவதாக உண்டானபோது மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக என்று தனியாக ஒரு பை தைத்தாள். கருநீலக் கான்வாஸ். பைலுக்கு ஒரு அறை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு அறை, மாத்திரைக்கு ஒரு அறை, ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் நாடா. ஜிப்பை மட்டும் ஜிப்புவே வைத்துத் தைத்தாள். "கீழ வெச்சாலும் சாயாது பாரு" என்று என் கடை மேசையில் வைத்துக் காட்டினாள் மேஸ்திரி. உண்மையிலேயே சாயவில்லை, சிப்பாய் மாதிரி நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் வளவளப்பு கிடையாது. முதல் நாளிலிருந்தே அந்தம்மா பழைய தாளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்ல இருக்கு டாக்டர், அடுத்த தடவை கொண்டு வரோம்" என்று இவர்களும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீரோவில் இருக்கிறது என்ற நம்பிக்கை. இருக்கிற பொருளை யார் தேடுவார்கள்? ஏழாம் மாதம்தான் பீரோவைத் திறந்து பார்த்தார்கள். அதில் இல்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய அன்று கத்திரி சரக்குப் போட வெளியூர் போயிருந்தான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பட்டறையில் மூச்சு விட முடியாத வேலை. ஜிப்புவுக்குத் துணையாக மேஸ்திரி போனாள், கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். டாக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேப்பர் கிடைச்சுதா?"

ஜிப்பு மடியில் இருந்த கருநீலப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். "டாக்டர், இந்தத் தடவை நானே பெத்துக்கறேன். குழந்தைதான் தலை கீழ இருக்கே. போன தடவை மாதிரி இல்லையே."

"தலை சரியாத்தான் இருக்கு. எனக்குக் கவலை உங்க பழைய வெட்டைப் பத்தி. கருப்பையில கீழ்ப்பக்கம் குறுக்கால வெட்டியிருந்தா, கூடவே இருந்து பாத்துக்கிட்டு வலி வர விடலாம். மேல நெடுக்கால வெட்டியிருந்தா விடவே கூடாது. வலியில அது பிரிஞ்சுக்கும். அப்புறம் உங்களையும் காப்பாத்தறது கஷ்டம், குழந்தையையும் காப்பாத்தறது கஷ்டம்."

"தழும்பு குறுக்காலதானே இருக்கு?" என்றாள் மேஸ்திரி. "வெளித்தையல் எப்படியோ உள்தையலும் அப்படித்தானே?"

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீங்கதானே பை தைக்கறவங்க? உங்க பையில அப்படியா?"

மேஸ்திரியின் கண் ஜிப்புவின் மடியிலிருந்த பைக்குப் போனது. அவள் பையில் வெளியே தெரிகிற தையல் வேறு, உள்ளே தாங்குகிற தையல் வேறு. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"எட்டாம் மாசம், குறுக்கால கிடந்த குழந்தைன்னு சொல்றீங்க. அதுக்கு நெடுக்கா வெட்டியிருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு. இன்னும் ஒரு வாரம். பேப்பர் வரலைன்னா நான் ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுடுவேன். தெரியாத தையலை நம்பி உங்களை விட மாட்டேன்" என்றார் டாக்டர்.

பழைய ஆஸ்பத்திரிக்குக் கத்திரி எத்தனையோ தடவை போன் போட்டிருந்தான். கட்டடம் மாறிவிட்டதாம், பழைய தாளெல்லாம் மூட்டை மூட்டையாகக் குடோனில் கிடக்கிறதாம், இரண்டு மாதம் ஆகுமாம். வயிற்றில் இருக்கிற பிள்ளை இரண்டு மாதம் காத்திருக்குமா?

மறுநாள் சாயங்காலம் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மழை வருகிற மாதிரி ஒரு புழுக்கம். ரெக்சின் வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் கலந்து கிறுகிறுத்தது. ஜிப்பு வயிற்றை மெஷின் பலகைக்கு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். எனக்கா தெரியாது!

"என்ன சதி?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜிப்பு.

"ஒண்ணுமில்லைன்னா ஏன் நூலைக் கோக்காம ஊசியை ஓட்டிக்கிட்டு இருக்க?"

மேஸ்திரிதான் சொன்னாள். "தேதி குறிச்சா போகப்போறதில்ல. வலி வரட்டும். நல்லா வந்தப்புறம் போனா அவங்களால என்ன பண்ண முடியும்? பிரசவம் பாத்துத்தானே ஆகணும்?"

எனக்கு ஏறின கோபத்தில் டீ கொட்டிவிட்டது. "மேஸ்திரி, உனக்குப் பைத்தியமா? அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே!"

"நான் ரெண்டு பெத்தேன். கத்தி படாம பெத்தேன். ரெண்டாவது பொறந்த இருபதாம் நாள் மெஷின்ல உக்காந்தேன். உடம்பு தானா பாத்துக்கும். இவளுக்கு ஆசையா இருக்கு, விடேன். நாலு வருஷமா தெருவுல போறவ வர்றவ எல்லாம் ச்சூ ச்சூங்கறாளுங்க. இவளால முடியாதுன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தையல் பிரியும்னு டாக்டர் சொன்னாங்க. உன் பையோட தையல் உனக்குத் தெரியும். இவ வயித்துத் தையல் உனக்குத் தெரியுமா?"

"அக்கா, சண்டை போடாதீங்க" என்றாள் ஜிப்பு. தைப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். "தெருவுல சொல்றதுக்காக இல்லக்கா. எனக்கு மொத அழுகையைக் கேக்கணும். அவ்வளவுதான். மயக்க ஊசி போட்டா மறுபடியும் நான் கடைசியாதான் பாப்பேன். பெத்தவ நான். எனக்குத்தானே மொதல்ல தெரியணும்?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? கொட்டின டீயைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால், வலியோடு வீட்டுக்குள் காத்துக்கொண்டிருக்கிற ஜிப்புவே கண்ணுக்குள் நின்றாள்.

அடுத்த நாள் காலையிலேயே போய்விட்டேன். வெறுங்கையோடு போனால் புத்தி சொல்ல வந்தேன் என்று முறைப்பாளே, அதனால் லேமினேஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியை இழுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தாள்.

"என்ன இது, அப்பளம் மாதிரி இருக்கு? வர வர உன் சரக்கு மட்டமாப் போச்சு" என்றாள்.

"எல்லாருக்கும் இந்த பிலிம்தான். உன் தம்பி பெண்டாட்டி பேப்பருக்கு மட்டும்தான் தடியானதைப் போட்டேன். அதுக்கப்புறம் அந்த பிலிமை நான் வாங்கவே இல்ல."

மேஸ்திரியின் கட்டை விரல் நின்றது.

"வாங்கவே இல்லையா?"

"இல்லைங்கறேனே."

"போன வருஷக் கடைசியில குடுத்தியே, ஒண்ணு. தகடு மாதிரி இருந்துச்சே."

"நான் குடுக்கல மேஸ்திரி."

அவள் எழுந்து நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பீரோவுக்கு ரெக்சின் வாடை ஏறுகிறது என்று ஒரு நாள் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தார்களாம், சாமானெல்லாம் மெஷின் பக்கத்தில்தான் கிடந்ததாம். நடு நடுவே நிறுத்தி அவள் சொல்லச் சொல்ல எனக்கும் புரிந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காத கை, தடிமனை மட்டும் பார்த்தது. கையில் அகப்பட்டதிலேயே கெட்டியானதை, தைத்ததிலேயே நல்ல பைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். ஜிப்புவும் நானும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ஆணியில் கருநீலப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை மாதமாக டாக்டர் கேட்ட தாள், இத்தனை மாதமாக டாக்டரின் மேசைக்கு எதிரே, இவள் மடியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ஜிப்புவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. பையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நூல் வெட்டுகிற பிளேடை எடுத்தாள்.

பிரிப்பது லேசாக இல்லை. இரட்டைத் தையல், அதற்கு மேல் பைப்பிங், மூலைக்கு மூலை குறுக்குத் தையல் வேறு. ஒவ்வொரு கண்ணியாக அறுத்து இழுத்தாள். "எந்தக் கழுதை இவ்வளவு கெட்டியா தைச்சது?" என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள். நான் வாங்கிப் பிரிக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆனது. தாள் வெளியே வந்தது. நாலு மூலையையும் வளைவாக வெட்டியிருந்தாள், வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காணோம். சுற்றிலும் வரிசையாக ஊசி ஓட்டை.

"படி" என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் என் மெஷின் கற்றுக்கொடுத்ததுதான். தாளை 'வெர்டிக்கல்' என்று நெடுக்காக வைப்பதா, குறுக்காக வைப்பதா என்று தினமும் நூறு தடவை அது என்னைக் கேட்கும். அதனால் அந்த ஒரு வார்த்தையைப் படிக்க எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

"நெடுக்கு" என்றேன். "கருப்பையில நெடுக்கு வெட்டுன்னு போட்டிருக்கு."

கீழே இன்னொரு வரி இருந்தது. அதன் கடைசிப் பாதி மேஸ்திரி வெட்டியெடுத்த ஓரத்தோடு போய்விட்டது. மிச்சமிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டாக்டர் சொன்னதேதான், அடுத்த பிரசவத்துக்கு வலி வர விடக் கூடாது என்று இருந்தது.

ஜிப்பு அழுதாள். சத்தமில்லாமல், தைக்க வேண்டிய பை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மேஸ்திரி பிளேடைக் கீழே வைத்தாள்.

"வலி வரட்டும்னு நான்தான் சொன்னேன். கொன்னுருப்பேன்" என்றாள். பிறகு எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்திரி. இப்பவே போறோம்."

"அண்ணி, எனக்கு..."

"தெரியும். மொத அழுகை. அதை நான் கேக்கறேன் டாக்டர்கிட்ட. எந்திரி."

அடி இல்லாத பையில் எதையும் வைக்க முடியாது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள் மேஸ்திரி. மழைச் சாரல் அடித்தது. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் பிலிம்.

டாக்டர் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். "இது என்ன, எலி கடிச்சதா?"

"நான் கடிச்சேன்" என்றாள் மேஸ்திரி. எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டிலேயே இருந்துவிட நினைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு மேல யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வலி வர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும். நாலு நாள்ல வெச்சுக்கலாம், இன்னிக்கே இங்க சேந்துடுங்க."

மேஸ்திரி மேசையில் கையை ஊன்றினாள். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு. இவ முழிச்சிருக்கணும். குழந்தை மொதல்ல அழறது இவ காதுல விழணும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

"இதுக்கா வீட்டுலயே ஒளிஞ்சுக்க இருந்தீங்க?" டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைப்போம். முழிச்சுத்தான் இருப்பாங்க. போன தடவை ரத்தம் போய்க்கிட்டு இருந்திருக்கு, அவங்களுக்கு நேரமில்ல. ரெண்டு உயிரையும் காப்பாத்தத்தான் நெடுக்கா வெட்டியிருக்காங்க. அந்தத் தழும்பை நினைச்சு நீங்க வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா."

ஜிப்பு இத்தனை மாதத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "நான் கேக்கலாமா? நிஜமாவே கேக்குமா?"

"காது மரத்துப்போகாது" என்றார் டாக்டர்.

நாலாம் நாள் காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே கத்திரியும் மேஸ்திரியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெரியவள் பூனைக்குட்டி பெஞ்சுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தாள். மேஸ்திரியின் கை மடியில் சும்மா இருக்கவில்லை, இல்லாத துணியை நீவிக்கொண்டே இருந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் கத்திரி எழுந்து நின்றான். ஒரு அழுகையா அது! கதவைத் தாண்டி வராந்தா முழுக்கக் கேட்டது.

"அவ கேட்டுட்டா" என்றாள் மேஸ்திரி. பெண்ணா பையனா என்று கேட்கவில்லை. "கேட்டுட்டாடா, நமக்கு முன்னாடி கேட்டுட்டா" என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெண் குழந்தை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பழைய வெட்டு ரொம்ப மெலிஞ்சு போயிருந்துச்சு. கருப்பைக்கு வெளியில இருந்தே குழந்தையோட முடி தெரிஞ்சது. வலி வந்திருந்தா தாங்கியிருக்காது."

கத்திரி கும்பிட்டான். மேஸ்திரி மட்டும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எத்தனை வரிசை தைச்சீங்க?"

டாக்டருக்குக் களைப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள மூணு வரிசை."

மேஸ்திரி அதை ஒரு நிமிஷம் எடை போட்டாள். "நான் ரெண்டுதான் போடுவேன்" என்றாள். தன்னைவிடக் கெட்டிக்காரியை அவள் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த பிறகு புதுத் தாளை நான் லேமினேஷன் போடுவதற்கு முன்னால் ஏழு காப்பி எடுத்தேன். ஒன்று என் கடைச் சுவரில் இருக்கிறது, யாரும் கை வைக்க முடியாத உயரத்தில். பழைய தாளையும் ஊசி ஓட்டையோடு ஜிப்பு பத்திரமாக வைத்துக்கொண்டாள். கருநீலப் பைக்கு மேஸ்திரி வேறு அட்டை வைத்து மூன்று வரிசை தைத்தாள்.

பத்து நாள் கழித்துத் தெருக்கோடி மாவு மில்காரம்மா குழந்தை பார்க்க வந்தார். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜிப்பு சுவரில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மா இன்னும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"என்னம்மா, இந்தத் தடவையாவது நார்மலா?"

மேஸ்திரியின் மெஷின் நின்றது. நான் வாயைத் திறக்கப் போனேன், ஜிப்பு கையைக் காட்டி நிறுத்தினாள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குத் தலை குனிகிறவள் இப்போது நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன்தாங்க. ரெண்டு தடவையும் ஆபரேஷன். பெரியவ குறுக்கால கெடந்தா, நெடுக்கால வெட்டி அவளை எடுத்தாங்க. அந்தத் தையல் தாள் மாதிரி மெலிஞ்சிருந்துச்சாம். அதுக்குள்ளதான் இவளை ஒம்பது மாசம் வரைக்கும் வெச்சிருந்தேன். வெட்டும்போது முழிச்சிருந்தேன். இவ மொத அழுகையை, டாக்டரோட சேந்து நான்தாங்க மொதல்ல கேட்டேன்."

அந்தம்மாவின் உதடு ச்சூ என்பதற்குக் குவிந்தது. குவிந்தபடியே நின்றது. பிறகு செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிட்டே வந்து உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.